ரயிலடிக் கீரைக்கு ஊரும் சேரியும் இல்லை

சென்ட்ரலில் இருந்து அரக்கோணம் போகும் சாயங்கால யூனிட்டில் தினமும் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. திருநின்றவூர் தாண்டியதும் பெண்கள் பெட்டியில் பைகள் திறக்கும். ஆவடியில் வாங்கிய முளைக்கீரைக் கட்டை ஒருவர் பிரிப்பார். பக்கத்தில் இருப்பவர் கேட்காமலே பாதியை வாங்கி ஆயத் தொடங்குவார். வேர் ஒரு பைக்குள் போகும், இலை இன்னொரு பைக்குள் போகும். திருவள்ளூர் வருவதற்குள் இரவுச் சமையலில் பாதி வேலை முடிந்துவிடும். இறங்கி வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதுதான்.

அந்தப் பெண்களில் வீட்டு வேலை செய்கிறவர்கள் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்க்கிறவர்கள், சித்தாள்கள், மருத்துவமனைகளில் துப்புரவுப் பணி செய்கிறவர்கள், துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறவர்களும் உண்டு. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தரை வண்டியைப் பிடித்து, இரவு ஏழரைக்கு வீடு சேர்கிறவர்கள். அவர்கள் எப்போது கடைக்குப் போவார்கள்? ரயிலடிதான் அவர்களுக்குக் கடை.

இந்த வழித்தடத்தில் நாமும் பல வருடங்களாகப் போய்வருகிறோம். காலையில் புறப்படும்போது சட்டைப் பையில் சீசன் டிக்கெட்டோடு ஒரு துண்டுச் சீட்டும் இருக்கும். கத்தரிக்காய் அரைக் கிலோ, புளிச்சகீரை ஒரு கட்டு, இருபது ரூபாய்க்கு நெத்திலிக் கருவாடு, பூ ஒரு முழம். மாலையில் இறங்கும் இடத்தில் இவை எல்லாம் கிடைத்துவிடும். தை மாதம் பனங்கிழங்கு, கோடையில் நுங்கும் மாங்காயும், ஆடியில் நாவல்பழம், மழை நாளில் வேகவைத்த வேர்க்கடலை என்று பருவம் மாறுவதே அந்தக் கூடைகளைப் பார்த்துத்தான் நமக்குத் தெரியும்.

உங்கள் ஊரில் கடை இல்லையா, ரயிலடியில் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கூட வேலை செய்யும் நண்பர் ஒருமுறை கேட்டார். கடை இருக்கிறது. இருந்தும் ஏன் ரயிலடியில் வாங்குகிறோம் என்று அன்று அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இந்த வாரம் எழுதுகிறோம்.

பலகையில் வைத்த காசு

நமக்கு எட்டு வயது இருக்கும்போது எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு மளிகைக்கடை. அது ஊர்த் தெருவில் இருந்தது. காலனியில் இருந்து ஏரிக்கரை வழியாக நடந்து போக வேண்டும். கடைக்கு மூன்று படிகள். ஊர்ப் பிள்ளைகள் மூன்றாம் படியில் நிற்பார்கள். நாம் மண்ணில் நிற்க வேண்டும். காசைக் கையில் கொடுக்கக் கூடாது, பலகையில் வைக்க வேண்டும். எண்ணெய் வாங்கப் போனால் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கடைக்காரர் புனலை வைத்து உயரத்தில் இருந்து ஊற்றுவார். பாட்டிலுக்கு வெளியே சிந்தினாலும் அது நம் கணக்குதான்.

யார் முதலில் வந்தார்கள் என்ற கேள்வியே அங்கே கிடையாது. ஊர்க்காரர்கள் எல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் காலனிப் பிள்ளையைப் பார்த்து "என்னடா வேணும்?" என்று கேட்பார்கள். அந்த வயதில் அது நமக்கு அவமானமாகத் தோன்றவில்லை. கடை என்றாலே அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். படியில் ஏறி நின்று வாங்கலாம் என்பது வெளியூர் போன பிறகுதான் தெரிந்தது.

அதைவிடப் பெரிய கட்டு பற்று நோட்டில் இருந்தது. கடை வைத்திருந்த குடும்பத்துக்கு நிலமும் இருந்தது. காலனிக் குடும்பங்கள் அரிசி, பருப்பு, மிளகாய் எல்லாவற்றையும் கடனில் வாங்கும். அறுவடைக் கூலியில் கழித்துக்கொள்வார்கள். ஒரு வருடம் நடவுக்குக் கூலி கூட்டிக் கேட்டார்கள் நம் அம்மாவும் இன்னும் சில பெண்களும். மறுநாள் கடையில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூட்டை கண்ணெதிரே இருக்கும்போதே உப்பு இல்லை. மூன்றாம் நாள் பழைய கூலிக்கே நடவு நடந்தது.

அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சாதியின் பேரால் எவரையும் கடைக்குள் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் அப்படித் தடுப்பதைக் குற்றம் என்கிறது. நமக்கு உப்பு மறுக்கப்பட்டபோது இந்த இரண்டும் நடைமுறையில்தான் இருந்தன.

இதெல்லாம் பழைய கதை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் பள்ளிப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கிறோம், உங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் கடைக்காரர். அந்தக் காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. கடைக்காரர் கைது செய்யப்பட்டார், கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. காணொளி வெளியே வராமல் போயிருந்தால் அந்தப் பிள்ளைகளும் நம்மைப் போலவே கடை என்றால் அப்படித்தான் என்று நினைத்து வளர்ந்திருப்பார்கள்.

வாங்குகிற பக்கம் இப்படி என்றால், விற்கிற பக்கம் இன்னும் கடினம். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் ஆய்வு செய்து 2006இல் வெளிவந்த 'கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை' என்ற ஆங்கில நூல் ஒரு உண்மையைச் சொல்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் தலித்துகள் தங்கள் விளைபொருளை உள்ளூர்ச் சந்தையில் விற்க முடியவில்லை. கிட்டத்தட்டப் பாதிக் கிராமங்களில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்ற முடியவில்லை. நம் வீட்டு மாடு கறக்கும் பாலுக்கும் சாதி ஒட்டிக்கொள்கிறது.

கீரையைக் கழுவலாம், இட்லியைக் கழுவ முடியுமா?

நாம் வழக்கமாகக் கீரை வாங்கும் ஆயாவுக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். விடியற்காலையில் தோட்டத்தில் கீரை எடுத்துக் கட்டுக்கட்டி, சும்மாடு வைத்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து, பிறகு ரயிலேறி வருகிறார். அவருடைய ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஐந்தாவது ஸ்டேஷனில் வந்து உட்காருகிறார். ஏன் ஆயா இவ்வளவு தூரம் என்று கேட்டோம்.

"நம்ம ஸ்டேஷன்ல குந்துனா எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி தம்பி. காலனிக்காரி கீரன்னு விலையக் கொறச்சிக் கேப்பான். கட்டுக்குப் பத்து ரூபா சொன்னா, ஏன் உனுக்கு அவ்ளோ கொழுப்பாங்கறான். இங்க எவனுக்குத் தெரியும் நான் யாருன்னு? பத்து ரூபான்னா பத்து ரூபா."

முன்பு அவர் இட்லி சுட்டு விற்றிருக்கிறார். தன் ஊர் ஸ்டேஷன் வாசலில்தான் தொடங்கினார். ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டார்.

"கீரய வாங்கிக்குவாங்க. கழுவித்தானே ஆக்கப் போறாங்க. இட்லியக் கழுவ முடியுமா?"

இந்த ஒரு வரியில் இருக்கும் சமூகவியலை நாம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்ததில்லை. பச்சைப் பொருளுக்குத் தீட்டு குறைவு, சமைத்த பொருளுக்கு அதிகம். அதனால் நம் பெண்கள் கீரை, காய், கருவாடு, கொய்யா, பனங்கிழங்கு என்று விற்கிறார்கள். லாபம் அதிகம் இருக்கும் இட்லி, சுண்டல், மோர், வடை பக்கம் அவ்வளவாகப் போவதில்லை. போகிறவர்கள் ஆள் தெரியாத ஊருக்குப் போகிறார்கள். பனங்கிழங்கைப் பச்சையாகக் கொண்டுவந்தால் ஒரு விலை, வேகவைத்துக் கொண்டுவந்தால் வேறு விலை. அந்த இரண்டு விலைக்கும் நடுவில் அடுப்பு இருக்கிறது, அடுப்பைச் சுற்றிச் சாதி இருக்கிறது.

ரயிலடியில் வாங்குகிறவர்கள் புனிதர்கள் என்று நாம் சொல்லவில்லை. "எந்த ஊரும்மா? ஊரா, காலனியா?" என்று கேட்கிறவர்கள் இங்கேயும் உண்டு. கூடைக்காரியைப் பெயர் கேட்காமலே "இந்தா" என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. ஆனால் பின்னால் வண்டி நிற்கிறது, வீட்டில் பிள்ளை காத்திருக்கிறது. விசாரிக்க நேரம் இல்லாத இடத்தில் சாதிக்குக் கொஞ்சம் கை கட்டுப்படுகிறது. காசு கையில் இருந்து கைக்கு மாறுகிறது. பலகை நடுவில் இல்லை. சில்லறை இல்லாவிட்டால் "நாளைக்குக் குடுப்பா" என்கிறார் ஆயா. அவரும் கடன்தான் கொடுக்கிறார். ஆனால் அந்தக் கடனுக்கு யாரும் யார் வயலிலும் நடவு நட வேண்டியதில்லை.

திருவள்ளூர் மாவட்டத்து இருளர் குடும்பங்களுக்கும் இப்படித்தான். ஏரி நண்டும் நத்தையும் பிடித்து ஊருக்குள் கூவி விற்றால் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ரயிலடியில் கூறு போட்டு உட்கார்ந்தால் கூறுக்கு ஒரு விலை இருக்கிறது.

மசூரும் மோசூரும்

நம் வழித்தடத்தில் அரக்கோணத்துக்கும் திருவாலங்காட்டுக்கும் நடுவில் மோசூர் என்று ஒரு சிறிய ஸ்டேஷன் இருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் மகாராஷ்டிரத்தில் இருக்கும் மசூர் என்ற இன்னொரு ஸ்டேஷன் நினைவுக்கு வரும். 1901ஆம் ஆண்டு வாக்கில், ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த அம்பேத்கர் தன் அண்ணனோடும் அக்காள் பிள்ளையோடும் அப்பாவைப் பார்க்க ரயிலில் வந்து இறங்கியது அங்கேதான். நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், அவர்கள் மகர் சாதி என்று தெரிந்ததும் முகம் மாறித் தன் அறைக்குள் போய்விட்டார். வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றவில்லை. இரட்டைக் கூலி தருகிறோம், வண்டியையும் நாங்களே ஓட்டிக்கொள்கிறோம் என்று சொன்ன பிறகுதான் ஒருவர் சம்மதித்தார். வழியில் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன் நினைவுக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

ரயில் வந்தது, சாதி போய்விட்டது என்று பேசுகிறவர்களுக்கு மசூர் பதில் சொல்லும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா பக்கம் ஓடியது. இன்று நாம் போய்வரும் அரக்கோணம் பாதை அந்தப் பழைய பாதையின் வழிவந்தது. அதே ரயிலின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1940களின் தொடக்கம் வரை இருந்தது. அதைக் கேட்டுப் போராடித்தான் ஒழிக்க வேண்டியிருந்தது. இரும்புப் பாதை தானாக எதையும் மாற்றிவிடாது. அதன்மேல் நடக்கிறவர்கள் கேட்டால்தான் மாறும்.

கேட்டுக்கு உள்ளே, கேட்டுக்கு வெளியே

இப்போது விஷயத்துக்கு வருவோம். சில மாதங்களுக்கு முன்பு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஸ்டேஷனில் கூடைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். நம் ஆயாவின் கூடையும் அதில் ஒன்று. வழக்குப் போட்டார்கள், கோர்ட்டுக்கு வரச் சொன்னார்கள். கூடவே நாமும் போனோம். காலையில் இருந்து மதியம் வரை காத்திருந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு, 1,000 ரூபாய் அபராதம் கட்டிவிட்டு வந்தார். ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவர் கேட்டது இதுதான்: "கீர விக்கறது எந்த செக்சன் தம்பி?"

அது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144ஆவது பிரிவு. உரிமம் இல்லாமல் ரயிலிலோ ரயில்வே இடத்திலோ பொருள் விற்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதப்பட்ட பிரிவு. தனிக் காரணம் இல்லாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

அதே 1989இல்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. பட்டியல் சாதியினரைத் தொழிலோ வியாபாரமோ செய்யவிடாமல் தடுப்பதும், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும் குற்றம் என்று 2015இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி விரிவாக்கினார்கள். இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்த சட்டங்கள். ஆயாவை இட்லிக் கடையை எடுக்க வைத்தவர்கள்மேல் இரண்டாவது சட்டம் ஒருநாளும் பாயவில்லை. அதனால் ஐந்து ஸ்டேஷன் தள்ளி வந்து உட்கார்ந்த ஆயாமேல் முதல் சட்டம் ஒரே காலையில் பாய்ந்தது.

சாலையோர வியாபாரிகளுக்கு 2014இல் ஒரு நல்ல சட்டம் வந்தது. வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் தர வேண்டும், கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே உறுப்பினராக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம். படிக்கும்போது மனது குளிரும்.

ஆனால் அந்தச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே ஒரு துணைப்பிரிவு இருக்கிறது. ரயில்வேக்குச் சொந்தமான நிலத்துக்கும் கட்டடத்துக்கும் ரயில்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே ஓரடி தள்ளி உட்கார்ந்தால் ஆயா சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் வியாபாரி. கேட்டுக்கு உள்ளே ஓரடி வந்தால் குற்றவாளி. மழை வந்தால் உள்ளே ஓரடி வந்துதான் ஒதுங்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தச் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. நம் வழித்தடத்தில் பல ஸ்டேஷன்கள் கிராம ஊராட்சிக்குள் இருக்கின்றன. அங்கே வாசலில் உட்காரும் பெண்ணுக்கு விற்பனைக் குழுவும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை.

ஒரு கூடையின் கணக்கு

1,000 ரூபாய் பெரிய தொகையா என்று சிலர் கேட்கலாம். ஆயாவின் ஒரு நாள் கணக்கைக் கேட்டு எழுதிக்கொண்டோம்.

தோட்டத்தில் கட்டு ஐந்து ரூபாய் வீதம் 80 கட்டு எடுக்கிறார். 400 ரூபாய். பத்து ரூபாய் வீதம் 70 கட்டு விற்கும். 700 ரூபாய். மீதிப் பத்துக் கட்டு வாடிப்போகும், வீட்டு ஆட்டுக்குப் போகும். மிச்சம் 300. இதில் தண்டல்காரருக்கு 100 ரூபாய். அவர் 1,000 ரூபாய் என்று எழுதி, கையில் 900 தருவார். நாளுக்கு 100 வீதம் பத்து நாளில் 1,000 கட்ட வேண்டும். டீக்கும் சாப்பாட்டுக்கும் 30. கடைசியில் கையில் நிற்பது 170 ரூபாய்.

2021 மே மாதத்தில் இருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பஸ் செலவு மிச்சம். கூடையைப் பார்த்துக் கண்டக்டர் முகம் சுளிப்பதை அவர் செலவில் சேர்ப்பதில்லை.

அபராதம் 1,000. அது ஆறு நாள் உழைப்பு. பிடித்த அன்று கூடையில் இருந்த கீரைக்கான 400 போச்சு. கோர்ட்டுக்குப் போன நாள் வியாபாரம் இல்லை. தண்டல் நிற்காது. அபராதம் கட்டுவதற்காக இன்னொரு தண்டல் எடுத்தார். அந்த ஒரு ரசீதை அடைக்க அவருக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

2020 மார்ச்சில் ரயில் நின்றபோது இந்தக் கூடைகளும் நின்றன. பொது மக்களுக்கு மின்சார ரயில் திரும்பவும் ஓட மாதக்கணக்கானது. அப்போது சாலையோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் திட்டத்தை ஒன்றிய அரசு அறிவித்தது. அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ கேட்டார்கள். கேட்டுக்கு உள்ளே விற்றவர்களுக்கு யார் பரிந்துரை தருவார்கள்? தண்டல்காரர் எந்த அட்டையும் கேட்கவில்லை.

நடைபாலத்தில் கூடை வேண்டாம்

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 2017 செப்டம்பரில் மும்பை எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் நடைபாலத்தில் நெரிசலில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குறுகிய பாலம், மழை, ஒரே நேரத்தில் வந்த கூட்டம். அதற்குப் பிறகு ஸ்டேஷன்களில் வியாபாரிகளை அப்புறப்படுத்துவது வேகம் எடுத்தது. படிக்கட்டிலும் பாலத்திலும் கூடை வைக்கக் கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. கால் தடுக்கி விழுவதும் நம் பெண்கள்தான், நம் பிள்ளைகள்தான்.

ஆனால் பாலத்தில் வைக்காதே என்று சொல்வது வேறு, எங்கேயும் வைக்காதே என்று சொல்வது வேறு. 2023 ஆகஸ்டில் நாடு முழுவதும் 508 ஸ்டேஷன்களைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டினார்கள். புது வாசல், புது வாகன நிறுத்தம், அலங்கார விளக்கு எல்லாம் வருகின்றன, நல்லது. அந்த வரைபடத்தில் பைக் நிறுத்த இடம் இருக்கிறது, கார் நிறுத்த இடம் இருக்கிறது. பத்துக் கூடை வைக்க ஒரு மேடை போட்டால் வரைபடம் கெட்டுவிடாது.

ரயில்வேயே 2022இல் 'ஒரு நிலையம் ஒரு பொருள்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. உள்ளூர்ப் பொருளை ஸ்டேஷனிலேயே விற்க உள்ளூர் மக்களுக்குக் கடை தருகிறார்கள். பட்டுப் புடவைக்கும் கைவினைப் பொருளுக்கும் இடம் கிடைக்கிறது. நம் வட்டாரத்தின் உள்ளூர்ப் பொருள் கீரையும் கொய்யாவும் பனங்கிழங்கும்தான். இதற்கு ஏன் அந்தக் கடை கிடைக்கக் கூடாது?

மாணவர்களுக்கு ஒரு வேலை

இந்தப் பத்தியைப் படிக்கும் கல்லூரி மாணவர்களில் பலர் அதே ரயிலில்தான் போகிறீர்கள். உங்களால் செய்ய முடிகிற சில வேலைகள் இருக்கின்றன.

முதலில், உங்கள் நகராட்சியில் அல்லது பேரூராட்சியில் விற்பனைக் குழு அமைக்கப்பட்டிருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, அதில் பட்டியல் சாதிப் பெண்கள் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்பது சட்டம். கடைசிக் கணக்கெடுப்பில் ரயிலடி வாசலில் இருக்கிறவர்களைச் சேர்த்தார்களா என்றும் கேளுங்கள்.

உங்கள் ஸ்டேஷன் கிராம ஊராட்சியில் இருந்தால் கிராம சபையைப் பயன்படுத்துங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே, ஊராட்சி நிலத்தில், கூரையோடு ஒரு விற்பனை மேடை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். மேடையில் இடம் பிரிக்கும்போது ஊர்க்காரருக்கு நிழல், காலனிக்காரருக்கு வெயில் என்று பிரியாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலை.

வழக்கு வந்தால் உடனே ஒப்புக்கொண்டு அபராதம் கட்ட வேண்டும் என்பதில்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். அன்று நாம் ஆயாவோடு போனபோது அந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. சீக்கிரம் முடித்துக்கொண்டு வண்டியைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தோம். அந்தத் தவறு நம்முடையது.

கடைசியாக ஒன்று, எல்லாருக்கும். பேரம் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் ஊர் எது, தெரு எது என்று கேட்டுவிட்டு விலையைக் குறைக்காதீர்கள்.

மனு

போன வாரம் ஆயாவும் பக்கத்தில் உட்காரும் பதிமூன்று பெண்களும் சேர்ந்து பேரூராட்சிக்கு ஒரு மனு கொடுத்தார்கள். வாசலுக்கு வெளியே, சாலையோரம், எங்களைக் கணக்கெடுத்து அட்டை தாருங்கள் என்பது கோரிக்கை. மனுவை எழுதியது ஆயாவின் பேத்தி. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தமிழ் படிக்கிறாள். அதே யூனிட்டில்தான் போய்வருகிறாள். பாட்டியின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு எழுதினாள். நாம் ஒரு வார்த்தையைத் திருத்தப் போனோம். "இருக்கட்டும் மாமா, அவங்க சொன்னதத்தான் எழுதறேன்" என்றாள். விட்டுவிட்டோம்.

அலுவலகத்தில் மனுவை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். கவுன்டரில் இருந்தவர் எத்தனை வருடமாக அந்த இடத்தில் விற்கிறீர்கள் என்று கேட்டார். வருடத்தை ஆயா எண்ணி வைத்திருக்கவில்லை.

"நடைபாலம் கட்டறதுக்கு முன்னாடியே நான் அங்கதான் குந்தினு இருந்தேன்" என்றார்.

பாலம் கட்டிய ஆண்டு எது என்று பேத்தி இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள். ரயில்வேக்குத் தகவல் கேட்டு அவளே மனுப் போட்டிருக்கிறாள். பதில் வந்ததும் இந்தப் பத்தியில் எழுதுகிறோம்.